சிவனின் குரலும் தேனீயின் ரீங்காரமும்

பற்களை நெருக்கி, நாநுனியை அவற்றின் பின்னே நிறுத்தி, குரல் நாண்களையும் அதிரவிட்டு மூச்சை வெளிவிட்டுப் பாருங்கள். ஒரு ரீங்காரம் எழும். அதனை எழுதத் தமிழில் எழுத்தில்லை. வாய்க்கோ அது மிக எளிது. இவ்வொலி சிறிது சிறிதாகத் தேனீக் கூட்டமாகவே மாறிப் பறந்துவிடும் விந்தையை, ஆங்கிலேய இசையமைப்பாளர் டிரெவர் விஷார்ட் பாரிஸ் நகரின் இர்காம் ஆய்வுக்கூடத்தில் 1986இல் முடித்த ‘வாக்ஸ் 5’ என்னும் படைப்பில் கேட்கலாம். நீளம் சுமார் 6 நிமிடம். உலகைப் படைத்து அழிக்கும் சிவனின் குரல் என்பது அதன் கருப்பொருள்.

நம் நாட்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மூக் கருவியுடன் மின்னணு இசைக்கூடம் அமைந்தது. ஆனால் மூக் கருவியில் மின்னோட்டமே ஒலியைப் பிறப்பிக்கிறது. விஷார்ட்டோ வாயிலிருந்து தொடங்குகிறார்.

இது எப்படி நிகழ்கிறது? பதிவான குரலைக் கணிப்பொறி நொடியின் சில நூறில் ஒரு பங்குத் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள், எவ்வளவு வலிமையுடன் உள்ளன என்று ஃபூரியே முறைப்படி கணக்கிடுகிறது. குரல் இப்போது வெறும் எண்பட்டியல். எண்களை மாற்றி, மீண்டும் ஒலியாக்கலாம். நாம் ‘ஆ’ என்னும்போது வாயறையின் முதலிரு ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 700, 1100 ஹெர்ட்ஸில் அமைகின்றன. ‘ஈ’ என்னும்போது 300, 2300. நாக்கு செய்யும் இந்த இடமாற்றத்தைக் கணிப்பொறி இன்னும் தொலைவு கொண்டுசெல்கிறது. குரலின் மேற்சுரங்கள் 1, 2, 3 என்ற முழு எண் விகிதத்தில் நிற்பவை. அவ்விகிதத்தைக் குலைத்து விரித்தால் மணியோசை கேட்கிறது!

தேனீப் பகுதி தலைசிறந்தது. ரீங்காரமும் தேனீயின் இரைச்சலும் பிறப்பிலேயே உறவினர். ஆதலால் ஒட்டுப்போட்ட இடம் காதுக்கு அகப்படுவதில்லை. குரல் மக்கள் கூட்டமாகும் இடத்தில் எனக்கு அந்த நிறைவு கிட்டவில்லை. அங்கே திறமைதான் முன்னே தெரிகிறது.

மாணவர்களுக்கு இதனைப் போட்டுக் காட்டியபோது, “சிவன் என்கிறீர்கள், உடுக்கைத் தாளம் எங்கே சார்?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. கொன்னக்கோலில் ‘தகதிமி’ என்னும் உயிர்மெய்யெழுத்துகள் காலத்தை வெட்டுகின்றன. விஷார்ட் ஒலியின் நிறத்தை மட்டுமே நாடுகிறார். அதைக் குறையாக நான் கருதவில்லை. என் குறை வேறு: இப்படைப்பில் மூச்சு வாங்குவதே இல்லை. கொன்னக்கோல் கலைஞர் இடையில் மூச்சிழுப்பது நமக்குக் கேட்கும். ஆள் இருக்கிறார் என்று தெரியும். கடவுளுக்கு மூச்சு தேவையில்லை என்று வாதிடலாம். ஆனாலும் வாயில் பிறந்த இசையில் வாய்க்குரியவர் மறைந்துபோவது எனக்கு இழப்பாகவே படுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து முளைப்பாரித் திருவிழாவில் குலவை கேட்டவர்கள் இதனை உணர்வார்கள். உச்சக் குரலை நாக்கு நொடிக்குப் பல முறை வெட்டுகிறது. மூச்சு தீரும் இடத்தில் பக்கத்துப் பெண் தொடர்கிறாள். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆடு திருப்புவோர் உதடு துடிக்க எழுப்பும் ஒலிகளுக்கும் எழுத்து கிடையாது. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் குறைய, அவையும் குறைகின்றன.

அன்று ஆய்வுக்கூடக் கணிப்பொறி செய்த வேலையை இன்று வீட்டுக் கணிப்பொறியே செய்யும். விஷார்ட் பங்குகொண்ட ‘கம்போசர்ஸ் டெஸ்க்டாப் புராஜெக்ட்’ நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். மாணவர் இருவர் சென்ற ஞாயிறன்று அடிவாரத்துக்குப் போனார்கள். காற்றிரைச்சலும் மோட்டார் சைக்கிள் ஓசையும் கலந்த 11 நிமிடப் பதிவு கைக்கு வந்திருக்கிறது. அதில் மூச்சு கேட்கிறது.