கங்காரு நாட்டு இரும்பு பம்பர்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் குறுக்கே பாயும். மோதி ரேடியேட்டர் உடைந்தால் வண்டி நின்றுவிடும். அடுத்த ஊர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். 1975இல் மெல்பர்னில் தொடங்கிய ஏஆர்பி போன்ற நிறுவனங்களின் எஃகு முன்பம்பர் அங்கே அலங்காரம் அல்ல.

எனக்குப் பிடித்தவை அதன் இரு ஓரங்கள். சக்கரத்துக்கு முன்னால் மேல்நோக்கிச் சீவினாற்போல் இருக்கும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காது. வாங்குபவர் குனிந்து, சேஸியோடு அது சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நல்ல தாங்கிகள் மோதலில் அளவாக நசுங்கும். ஏர்பேக் உரிய நேரத்தில் விரிய அதுவும் துணை. பளபளப்பெல்லாம் பிறகு. சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சேர்ந்தால் முன்பக்கம் நன்றாகவே கனக்கும், ஸ்பிரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள்.