தெட்சணாமூர்த்தியின் வலந்தலை

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது அவருடைய வேகத்தில்தான் போய் நிற்கும். வேகம் உண்மைதான். ஆனால் எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டால், வேகத்தை விட அரிய ஒன்று காதில் விழும். மேற்காலத்தில் சொற்கள் நெருங்கி ஓடும்போதும் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் ஒவ்வொரு விரலும் தனியாகப் பேசுகிறது; ஒரு சொல் இன்னொன்றின் மேல் சரிவதில்லை. முடிப்பாக வரும் தீர்மானத்துக்கு முன்னால் ஒரு கணம் கை ஓய்கிறது. அந்தக் கார்வையிலும் தாளம் அசையாமல் நிற்பதால்தான் அடுத்து விழும் அடிக்கு அத்தனை எடை. இவர் வாசிப்பைக் கணக்கின் ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டு, தவில் வித்துவான் நாச்சியார்கோவில் ராகவப்பிள்ளையின் வாசிப்பே போதும் என்கிற ரசிகர்கள் உண்டு. அந்த ருசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ராகவப்பிள்ளையிடம்தான் இவரும் போய்ப் பயின்றார். குருவின் நிதானத்தைக் கைவிட்டிருந்தால் அந்தக் கார்வைகள் இவர் கையில் வந்திருக்காது.

இந்தக் கை எப்படி உருவானது? பிறவி மேதை என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும், விடை கிடைக்காது. 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தவருக்கு வீட்டிலேயே சொற்கட்டு காதில் விழுந்தது. சிறு வயதிலேயே கச்சேரிக்கும் வந்துவிட்டார். அதற்கப்பால் பாடம் சொன்னது யாழ்ப்பாணக் குடாநாட்டின் திருவிழாக்கள் என்றே கருதுகிறேன். நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் 25 நாள் கொடியேற்றத் திருவிழா. அதைவிட ஊருக்கு ஊர் கோயில். திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் போட்டி போட்டு மேளம் பிடித்தார்கள். கடல் கடந்து தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்களையும் வரவழைத்தார்கள். பூங்காவனத் திருவிழாவன்று மேளச் சமா விடிய விடிய நடந்தது. நாயனக்காரர் ஒரு பல்லவியை எடுத்தால், அதைக் கண்ட நடையிலும் மிசுர நடையிலும் சங்கீர்ண நடையிலும் விரித்துப் பார்க்கத் தவில்காரருக்கு நேரம் இருந்தது. தாளம் போட்டபடி மண்ணில் உட்கார்ந்திருக்கும் சனமும் இருந்தது. அதே வீதி, அதே இரவுகள் எத்தனையோ தவில்காரருக்கும் கிடைத்தனவே, தெட்சணாமூர்த்தி ஒருவர்தானே வந்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவிழா மேதையைப் பெற்றுத் தருவதில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் முடிக்கச் சொல்லும் ஊரில் அவரே பிறந்திருந்தாலும் சங்கீர்ணத்தை அவ்வளவு தூரம் கொண்டு போயிருக்க முடியாது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரத்துக்கு அவர் வாசித்ததைக் கேட்டால் இது விளங்கும். அங்கே தவில் முந்திக்கொண்டு ஓடவில்லை. நாயனம் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் தன் பேச்சைத் தொடங்குகிறது. அந்தப் பொறுமை நீண்ட இரவுகளில்தான் பழகும்.

இன்று குறைந்துபோனது இந்த நேரம்தான். உள்நாட்டுப் போர் மாவிட்டபுரம் போன்ற ஊர்களையே வெறுமையாக்கியது. வித்துவான்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். அதற்கு எந்தக் கலைஞரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சனம் திரும்பி வந்து, வெளிநாட்டுக் காசில் கோபுரங்கள் எழுந்து, திருவிழாக்கள் முன்னையிலும் ஆடம்பரமான பிறகும் தவிலுக்குப் பழைய இரவு திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பத்துத் தவில்களை வரிசையில் நிறுத்தி, ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து அதைச் சமா என்கிறார்கள். அந்த இரைச்சலில் தவிலின் மறுபக்கமான தொப்பியின் அடி எது, வலந்தலையின் அடி எது என்று பிரிக்க முடியாது. கார்வை விட்டாலும் பக்கத்துத் தவில் அதை நிரப்பிவிடும். இளம் பிள்ளைகளின் கையில் வேகம் குறைவில்லை. சிலரிடம் வியக்கத்தக்க அளவில் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்துக் காட்டத்தான் அவர்களுக்கு இடமில்லை. தெட்சணாமூர்த்தி 1975இல், 41 வயதில் மறைந்தார். அவரைப் பற்றி இயக்குநர் அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் புதிய தலைமுறையின் காதுக்கு அவரைக் கொண்டு வந்திருக்கிறது. அந்தக் காது திறந்திருக்கும்போதே ஏதாவது ஒரு கோயிலின் உபயகாரர் துணிந்து, பூங்காவனத்தன்று ஒரு நாயனம், இரண்டு தவில், ஒரு பல்லவி என்று ஒலிபெருக்கி இல்லாமல் விடியும்வரை விட்டுப் பார்க்கட்டும்.