சாம்பல் நிறம் எந்த மையிலிருந்து வருகிறது?

கடலூர், சிதம்பரம் பக்கம் படத்திறப்புக்காகப் பெரிதாக்கக் கொண்டுவரப்படும் பழைய படங்களில் கறுப்பு வெள்ளைக்குக் குறைவில்லை. அவற்றை இன்று அச்சிட்டுத் தருவது பெரும்பாலும் இங்க்ஜெட் பிரிண்டர்தான். புது மாடல் என்றால் நல்ல அச்சு, பழையது என்றால் மட்டம் என்று பொதுவாக நம்புகிறோம். கறுப்பு வெள்ளைக்கு இந்தக் கணக்கு உதவாது. அந்த மெஷின் சாம்பல் நிறத்தை எந்த மையால் உண்டாக்குகிறது என்றே முதலில் கேட்க வேண்டும்.

ஸ்டூடியோக்கள் பல வாங்கிய எப்சன் எல்1800 டேங்க் பிரிண்டரில் மை ஆறு. கறுப்பு ஒன்றே ஒன்று. கன்னத்தில் விழும் மெல்லிய நிழலுக்குக் கறுப்பை மட்டும் தெளித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் சயான், மெஜந்தா, மஞ்சளைக் கலந்துதான் சாம்பலை வரவழைக்க வேண்டியிருக்கிறது. கலவை கொஞ்சம் பிசகினாலும் பாட்டியின் நரைமுடியில் பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 2005இல் வந்த எப்சன் ஆர்2400இல் கறுப்போடு இரண்டு வெளிர்கறுப்பு மைகளும் இருந்தன. நிழல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய மெஷின்தான், ஆனாலும் இந்த வேலையில் அதுவே மேல். அதற்காகப் பழையதெல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. 2000இல் வந்த எப்சன் 2000பி அச்சிட்ட படம் குண்டு பல்பு வெளிச்சத்தில் சரியாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் பச்சையடிக்கும். ஆர்2400இலும் பளபளப்புத் தாளிலிருந்து மேட் தாளுக்குப் போகக் கறுப்புக் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்ற வேண்டும். அந்த மாற்றத்திலேயே மை வீணாகும். 2020இல் வந்த பி700இல் இரு கறுப்புக்கும் தனித்தனி வழி உண்டு. புதுமை கைகொடுத்தது இங்கேதான்.

எல்1800இல் ஊற்றும் டை இங்க் (கரைந்த சாயத்தாலான மை) பாட்டில் மலிவு, படத்திறப்பு முடிந்தால் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் கேட்கலாம். செலவுக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் அந்தப் படம் பல வருஷம் சுவரில் தொங்கப் போகிறது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்து அடிபட்ட கடலூர் மாவட்டத்தில் மூலப்படமே இல்லாத வீடுகள் உண்டு, அச்சுதான் மிச்சம். டை இங்க் ஒளிக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் சீக்கிரம் வெளுக்கும். மூன்று நிறமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை என்பதால் கலந்து செய்த சாம்பல் மங்குவதோடு நிற்காமல் நிறமும் மாறும். சிப்காட் ஆலைகளை ஒட்டிய குடிகாட்டில் காற்றைப் பற்றிய குறை நெடுங்காலமாக உண்டு. கந்தக வாயு பட்டால் பழைய வெள்ளி அச்சுகூடப் பழுப்பேறும். ஆர்2400, பி700 போன்றவை பயன்படுத்தும் பிக்மென்ட் (நுண்துகள்) மையின் கறுப்பிலுள்ள கரியை அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிச் சட்டம் போட்டால் போதாதா என்றால், காற்றை அது ஓரளவு தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்காது. பிக்மென்ட் மெஷினுக்கு முதல் போட முடியாத கடைக்கு, சாம்பல் மையையே தனியாகக் கொண்ட எல்8180 பரவாயில்லை. நிறச்சாய்வு பெரிதும் குறையும். அதிலும் புகைப்படத் தாளில் விழுவது டை இங்க்தான் என்பதை மட்டும் வாங்குபவரிடம் சொல்லி, வெயில் விழாத சுவரில் மாட்டச் சொல்ல வேண்டும்.