மூலப் பத்திரத்தையே நீட்டலாமா?

ஒரு ஃபங்ஷனுக்கு வேரியபிளை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். மதிப்பை நகலெடுத்துக் கொடுப்பது ஒன்று. வேரியபிள் இருக்கும் இடத்தையே சொல்லி, ‘அங்கேயே பார்த்துக்கொள், வேண்டுமானால் மாற்றிக்கொள்’ என்பது இன்னொன்று. பத்திரத்தின் ஜெராக்ஸைக் கொடுப்பதற்கும் மூலப் பத்திரத்தையே நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டாவதற்குப் பெயர் பாஸ் பை ரெஃபரன்ஸ். கல்லூரியில் இதை ‘ஸ்வாப்’ நிரலை வைத்து நடத்துவார்கள்: இரண்டு எண்கள் இடம் மாறினால் ரெஃபரன்ஸ், மாறாவிட்டால் மதிப்பு. தேர்வுக்கு அது போதும். வேலைக்குப் போனபின் வரும் தலைவலி எதுவும் அந்த நிரலில் கிடையாது.

அந்தத் தலைவலிகளைப் பார்க்கப் புனேவின் சிஞ்ச்வட் பக்கம் போகலாம். பிம்ப்ரி-சிஞ்ச்வட் வட்டாரத்தில் டாடா மோட்டார்ஸ், ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ, இவற்றை அண்டி உதிரிபாகம் செய்யும் எண்ணற்ற சிறு தொழிற்சாலைகள். ஒரு காலத்தில் இரும்பும் ரப்பரும் மட்டுமே பேசிய இந்தத் தொழிலில் இப்போது மென்பொருளுக்கும் பங்குண்டு. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர மாடல்களுக்கு 2018 ஏப்ரலில் ஏபிஎஸ் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாடு வந்தது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் சென்சாரும் சிறிய கணினியும் உட்கார்ந்துகொண்டன. அந்தக் கணினிக்குள் ஓடும் கோட் பெரும்பாலும் சி மொழியில் இருக்கும், கொஞ்சம் சி++.

அங்கே ரெஃபரன்ஸ் இல்லாமல் காலம் தள்ள முடியாது. மாணவர்கள் ஆர்டுயினோ பலகையில் பார்க்கும் ஏடிமெகா 328 சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் ரேம் 2048 பைட். எரிபொருள் அளவுக்கான 512 பைட் அட்டவணை ஒன்றை நகலெடுத்து ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் நினைவகத்தில் கால்வாசி காலி. அந்த ஃபங்ஷன் இன்னொன்றை அழைத்து, அது மூன்றாவதை அழைத்து, ஒவ்வொன்றும் நகலெடுத்தால் முக்கால்வாசி போய்விடும். மூல அட்டவணைக்கு இடம் எங்கே, மற்ற வேலைகளுக்கு இடம் எங்கே? ஆகவே முகவரியைக் கொடுக்கிறோம். இரண்டு பைட்டில் வேலை முடிகிறது. சி மொழியில் நேரடியான ரெஃபரன்ஸ் கிடையாது, பாயிண்டரை மதிப்பாக அனுப்பித்தான் இதைச் சாதிக்கிறோம் என்பது உண்மை. நடைமுறையில் பலன் ஒன்றே. சி++ன் ரெஃபரன்ஸுக்கு ஒரு கூடுதல் பெருமையும் உண்டு: முறையாக எழுதப்பட்ட நிரலில் அது வெறுமையைச் சுட்டாது, நல் பாயிண்டர் சோதனையை ஒவ்வொரு ஃபங்ஷனிலும் எழுத வேண்டியதில்லை.

இந்த நியாயம் பெரிய தரவுக்குத்தான் பொருந்தும். ‘ரெஃபரன்ஸ் என்றாலே வேகம்’ என்று ஒற்றை எண்ணைக்கூட அப்படி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு எண்ணை அப்படியே கொடுத்தால் அது ரெஜிஸ்டரிலேயே பயணம் செய்யும். முகவரியாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குப் போய்வர வேண்டிவரும். வேகம் கூடுவதற்குப் பதில் குறைகிறது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஏபிஎஸ் மாதிரி ஒரு பயிற்சி நிரலைப் பாருங்கள். முன்சக்கர வேகம் 40, பின்சக்கர வேகம் 38. இரண்டையும் அதிகபட்ச வேகத்தால் வகுக்க வேண்டும். விடை 1, 0.95 என்று வரவேண்டும். ஃபங்ஷன் இரண்டு ஆர்க்யுமென்ட் வாங்குகிறது: வேகங்களின் பட்டியல், வகுக்கும் எண். இரண்டுமே ரெஃபரன்ஸ். அழைப்பவர் இங்கே முதல் உறுப்புதானே பெரியது என்று, பட்டியலின் முதல் உறுப்பையே வகுக்கும் எண்ணாகக் கொடுக்கிறார். முதல் சுற்றில் 40ஐ 40ஆல் வகுத்து 1 என்று அதே இடத்தில் எழுதுகிறது. அந்தக் கணமே வகுக்கும் எண்ணும் 1 ஆகிவிட்டது, ஏனென்றால் இரண்டும் ஒரே இடம். அடுத்த சுற்றில் 38ஐ 1ஆல் வகுக்கிறது. விடை: 1, 38. எந்த எச்சரிக்கையும் வராது, நிரல் நிற்கவும் நிற்காது.

வகுக்கும் எண்ணை ‘கான்ஸ்ட்’ ரெஃபரன்ஸாக அறிவித்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். தப்பித்திருக்க முடியாது. ‘இந்தப் பெயரின் வழியாக நான் மாற்றமாட்டேன்’ என்பது மட்டுமே கான்ஸ்ட் தரும் வாக்கு. வேறு பெயரின் வழியாக அதே இடம் மாறுவதை அது தடுக்காது. வாகனத் துறை பின்பற்றும் மிஸ்ரா சி 2012 விதிகளில் 8.13, பாயிண்டர் சுட்டுவதை முடிந்தவரை கான்ஸ்டாக வைக்கச் சொல்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் கான்ஸ்ட் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைப்பவரை இந்த உதாரணம் கவிழ்த்துவிடும். அதே வகுக்கும் எண்ணை மதிப்பாக வாங்கியிருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இருந்திருக்காது.

ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் இருக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். எட்டு பிட் சிப்பில் 16 பிட் எண்ணை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும். பாதி படித்திருக்கும்போது சக்கர சென்சாரின் இன்டரப்ட் வந்து அதை மாற்றினால், பாதி பழசும் பாதி புதுசுமாக எங்கும் இல்லாத ஓர் எண் கையில் கிடைக்கும். அங்கே இன்டரப்டைக் கணநேரம் நிறுத்தி, நகலெடுத்து, அந்த நகலை ஃபங்ஷனுக்குக் கொடுப்பதே சரி. நகல் என்றாலே வீண்செலவு என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன? ஃபோர்ட்ரானில் வழக்கமாக எல்லாமே இடமாகத்தான் போகும். சில பழைய கம்பைலர்களில் 1 என்ற மாறிலியை அனுப்பினால், ஃபங்ஷன் அதையே 2 ஆக்கிவிடும் விபரீதமும் நடந்தது. ஜாவா, மதிப்பாக மட்டுமே அனுப்புவேன் என்றது. ஆனால் பொருளைச் சுட்டும் கைப்பிடியைத்தான் நகலெடுக்கிறது, பொருளை அல்ல. ஸ்வாப் செய்யமுடியாமல் போயிற்று, ‘என் பொருளை யாரோ மாற்றிவிட்டார்கள்’ என்ற புலம்பல் மட்டும் தீரவில்லை. அதன் பழைய டேட் வகுப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் எச்சரிக்கையானவர்கள் நகலெடுத்தே பழகினார்கள். 2014ல் ஜாவா 8 மாற்றமுடியாத தேதி வகுப்புகளைக் கொண்டுவந்த பிறகுதான் நிம்மதி. என் பார்வையில் ஜாவா தடுத்தது குறைந்த ஆபத்துள்ள பாதியை.

சி#ல் ரெஃப் என்ற சொல்லை அறிவிப்பில் மட்டுமல்ல, அழைக்கும் இடத்திலும் எழுதவேண்டும். ஸ்விஃப்டிலும் அழைக்கும் இடத்தில் குறி போட்டாக வேண்டும். பிஎச்பி நேரெதிர் திசையில் போனது: அழைக்கும் இடத்தில் குறி போடும் வசதியை 2012ல் வந்த 5.4 பதிப்பில் நீக்கிவிட்டது. இப்போது அழைப்பு வரியை மட்டும் படித்தால் எது மாறும், எது மாறாது என்று தெரியாது. சி++லும் இதே குறைதான். அங்கே ரெஃபரன்ஸ் வந்ததற்கு முக்கியக் காரணமே ஆப்பரேட்டர் ஓவர்லோடிங். விடையைத் திருப்பியனுப்ப ரெஃபரன்ஸைப் பயன்படுத்துவது பின்னால் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் எழுதிய கோடைத் திருத்தும்போது, எந்த வரியில் நம் வேரியபிள் மாறியது என்று ஒவ்வொரு ஃபங்ஷனின் அறிவிப்பாகத் தேடி அலையவேண்டும்.

ரஸ்ட் இந்தப் பிரச்சினையை அடியோடு பிடித்தது. ஓர் இடத்தை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது வேறு யாரும் அதைப் பார்க்கவும் கூடாது என்பது அதன் விதி. மேலே சொன்ன சக்கர நிரல் ரஸ்டில் கம்பைலே ஆகாது. விலை, கற்கும் சிரமம். சாதாரண இருவழி இணைப்புப் பட்டியலை எழுதுவதற்கே வியர்த்துவிடும். வாகனப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 சான்று பெற்ற ரஸ்ட் கம்பைலர் ஃபெரோசீன் 2023ல் வந்துவிட்டது. ஆனாலும் பல வருடங்களாகச் சேர்ந்த சி கோடை யாரும் ஒரே நாளில் தூக்கிப்போட மாட்டார்கள்.

எனவே சி++ எழுதுகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. பெரிய தரவைப் படிக்க மட்டும் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் சரி, ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வரவில்லை என்று பார்த்துக்கொண்டால். சிறிய எண்களை மதிப்பாகவே கொடுங்கள். விடையைத் திரும்பத்தர, மாற்றக்கூடிய ரெஃபரன்ஸை நாட வேண்டாம். ஸ்ட்ரக்ட் ஒன்றாகவே ரிட்டர்ன் செய்யலாம், இன்றைய கம்பைலர்கள் பல சமயம் அதற்கு நகலே எடுப்பதில்லை. பழைய கம்பைலரோடு கட்டுண்டவர்கள் பாயிண்டரையாவது பயன்படுத்தட்டும். அப்போது அழைக்கும் வரியில் பெரும்பாலும் ஒரு ஆம்பர்சண்டாவது (&) தெரியும்.