சுவரின் வடிவமா, மாசின் தடமா? குவாண்டம் புள்ளிகளின் மின்கடத்தல் ஏற்ற இறக்கங்களை வாசித்தல்

குறைகடத்திக் குவாண்டம் புள்ளியொன்றை ஒரு கெல்வினுக்கும் மிகக் கீழான வெப்பநிலையில் வைத்துக் காந்தப்புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், அதன் மின்கடத்துத்திறன் ஒழுங்கின்றி ஏறி இறங்கும். 'ஏற்ற இறக்கம்' என்னும் சொல் இதனைக் காலத்தோடு மாறும் இரைச்சலெனக் கருதத் தூண்டுகிறது, அக்கருத்து பிழையானது. அதே காந்தப்புலத்துக்குத் திரும்பினால் அதே மதிப்பு மீண்டும் கிடைக்கும். புள்ளிக்குள் பல பாதைகளில் செல்லும் எலக்ட்ரான் அலைகளின் குறுக்கீடே இதற்குக் காரணம். ஆகவே இவ்வரைகோடு ஒரு கைரேகை. எதன் கைரேகை என்பதே இக்கட்டுரையின் வினா.

1992இல் மார்க்கஸ், வெஸ்டர்வெல்ட் உள்ளிட்டோர் கேலியம் ஆர்சினைடு அடுக்கமைப்பில் வட்டமாகவும் விளையாட்டரங்க வடிவிலும் உருவாக்கிய நுண்ணமைப்புகளில் இவ்வேற்ற இறக்கங்களை அளந்து, ஒழுங்கற்ற சிதறல் கோட்பாட்டோடு ஒப்பிட்டனர். எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரம் புள்ளியின் அகலத்தைவிடப் பெரிது. எனவே அது சுவரில் மட்டுமே மோதித் திரும்பும் என்பது இவ்வாசிப்பின் அடிப்படை. 'பில்லியர்ட்ஸ்' உருவகம் இதனைப் பரவலாக்கியது. என் ஆய்வின் தொடக்கத்தில் நானும் அவ்வாறே வாசித்தேன். ஆனால் எலக்ட்ரான்களின் இயக்க எண்ணிலிருந்து கணிக்கப்படும் அத்தூரம் பெருங்கோணச் சிதறலையே முதன்மையாக எண்ணுகிறது. மேலடுக்கிலுள்ள மாசு அயனிகள் பாதையைச் சிறு கோணங்களில் திருப்புவது அக்கணக்கில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. பாதை சிறிது வளைந்தாலும் அலையின் கட்டம் மாறும், குறுக்கீடும் மாறும்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கோலிச் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தையே தொடுகிறது. மாசூட்டிய புள்ளியை அறை வெப்பநிலைக்குக் கொணர்ந்து மீண்டும் குளிர்வித்தபோது, வடிவம் அதுவேயாயினும் வரைகோடு மாறியது. மாசூட்டாது, மின்புலத்தால் எலக்ட்ரான்களை நிரப்பிய புள்ளியிலோ பழைய வரைகோடு பெரிதும் அவ்வாறே திரும்பியது. சுவர் மட்டுமே ரேகையை வரைந்திருப்பின் முதல் முடிவுக்கு இடமில்லை.

ஏற்ற இறக்கங்களின் புள்ளியியல் பரவல் தற்போக்கு அணிக் கோட்பாட்டோடு பொருந்துகிறதே என மறுக்கலாம். அக்கோட்பாடு சமச்சீர்மையையும் வாயில்களில் திறந்துள்ள அலைவழிகளின் எண்ணிக்கையையும் மட்டுமே கருதுகிறது. இயக்கத்தை ஒழுங்கறச் செய்தது சுவரா மாசா என்பது அதற்கு வேண்டியதில்லை. எனவே அப்பொருத்தம் சுவருக்குச் சான்றாகாது.

1992இன் அளவீடுகளை இது தள்ளிவிடவில்லை. வட்டத்துக்கும் அரங்கத்துக்கும் இடையே கண்ட வேறுபாட்டில் வடிவத்தின் பங்கு எவ்வளவு என்பதை, மாசூட்டாத புள்ளிகளில் வடிவத்தை மட்டும் மாற்றி அளந்தே கூற இயலும்.