இம்போர்ட் பொத்தானை நம்பலாமா?

ஓடிக்கொண்டிருக்கும் வேர்ட்பிரஸ் தளத்தை மடிக்கணினியில் நகலெடுக்க இரண்டு பொருள் போதும்: கோப்புகள் இருக்கும் ஃபோல்டர், தரவுத்தளத்தின் டம்ப். ஃபோல்டரை ஒட்டிவிடலாம். டம்ப்தான் படுத்தும். பெயர்தான் மிரட்டல், நோட்பேடில் திறந்தால் அது வெறும் எழுத்துக் கோப்பு. இந்த அட்டவணை இருந்தால் அழி, புதிதாக உருவாக்கு, இந்த வரிசைகளைப் போடு என்று எஸ்க்யூஎல் கட்டளைகள் அடுக்கடுக்காக நிற்கும். 'அழி' முதலில் வருகிறது என்பதாலேயே காலியான தரவுத்தளத்தில் இறக்குவது நல்லது.

மடிக்கணினியையே சர்வராக்கும் ஸாம்ப் தொகுப்பை நிறுவியவர்கள் பெரும்பாலும் முதலில் போவது, தரவுத்தளத்தை பிரவுசரில் கையாளும் பிஎச்பி மை அட்மினுக்கு. 1998 முதல் புழக்கத்தில் இருக்கும் கருவி. இம்போர்ட் தாவல், கோப்பைத் தேர்ந்தெடு, கீழே ஒரு பொத்தான், அவ்வளவுதான். சின்ன தளம் என்றால் டீ ஆறுவதற்குள் பச்சைப் பட்டை வந்துவிடும். கோப்புத் தேர்வுக்குப் பக்கத்திலேயே உச்சவரம்பும் எழுதியிருக்கும். ஸாம்பின் அண்மைப் பதிப்புகளில் 40 எம்பி. அதைத் தாண்டினால் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் அப்லோட் அளவு, போஸ்ட் அளவு இரண்டையும் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் ஏராளம். ஜிஜிப் செய்த கோப்பையும் இந்தக் கருவி வாங்கிக்கொள்ளும். எழுத்துக் கோப்பு நன்றாகச் சுருங்கும் என்பதால் வரம்பை அதிலேயே தாண்டிவிடலாம்.

அடுத்த முட்டுக்கட்டை கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8 இருந்தால் டம்பில் '0900' என்ற எண்ணோடு ஒரு கொலேஷன் பெயர் வரும். ஸாம்பில் இருப்பதோ அதன் கிளையான மரியாடிபி. மரியாடிபியின் பழைய பதிப்புகளுக்கு அந்தப் பெயரே தெரியாது, 'அன்நோன் கொலேஷன்' என்று நின்றுவிடும். டம்பில் அந்தப் பெயரை 'யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ' என்று மாற்றினால் ஓடும். அவசரத்தில் 'எம்பி4'ஐயும் வெட்டிவிடக் கூடாது. தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட், பழைய யூடிஎஃப்8இல் அது அடங்கும். 4 பைட் கேட்கும் எமோஜியில்தான் மாட்டும்.

பெரிய டம்புக்குக் கட்டளை வரியே சரி. அப்லோட் வரம்பும் பிரவுசர் டைம்அவுட்டும் அங்கே இல்லை. ஆனால் விண்டோஸின் பவர்ஷெல்லில், கோப்பைக் கட்டளைக்குள் அனுப்பும் '<' குறி வேலை செய்யாது. பழைய கறுப்பு சிஎம்டி சாளரம்தான் வேண்டும். கட்டளையில் எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்றும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, இணைப்பு லாட்டின்1 என்று அமைந்துவிட்டால் தமிழ்த் தலைப்புகள் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறிகளாகச் சிதறும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை.

எல்லாம் ஏறிய பிறகு லோக்கல் முகவரியைத் திறந்தால் பல நேரம் பிரவுசர் நிஜத் தளத்துக்கே ஓடும். ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சைட்யூஆர்எல், ஹோம் என்ற இரண்டு வரிகளிலும் பழைய முகவரிதான் இருக்கும். எடிட்டரில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டால் தீராதா? தீராது. தீம், விட்ஜெட் அமைப்புகளை வேர்ட்பிரஸ் நீளத்தோடு சேர்த்துக் கட்டி வைக்கிறது. 'https://' சேர்த்த எக்ஸாம்பிள்.காம் முகவரிக்கு 19 என்று குறித்திருந்தால், 'http://' சேர்த்த லோக்கல்ஹோஸ்ட்டுக்கு 16 என்று மாற வேண்டும். எண் பொருந்தாவிட்டால் அந்த அமைப்பு முழுவதையும் படிக்க முடியாது. விட்ஜெட்கள் காணாமல் போகும். அந்த எண் எழுத்துக் கணக்கும் அல்ல, பைட் கணக்கு: 'தமிழ்' என்ற சொல்லில் இகரக் குறியும் புள்ளியும் தனியாகச் சேர, ஐந்து குறிக்கு அங்கே 15.

இந்தக் கணக்கைப் பிசகாமல் போடுவது, வேர்ட்பிரஸுக்கான கட்டளை வரிக் கருவி டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை. 'ட்ரை-ரன்' சேர்த்து ஓட்டினால் எதையும் தொடாமல், எந்த அட்டவணையில் எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும். பிஎச்பி மை அட்மினின் பச்சைப் பட்டையைவிட இந்தப் பட்டியலே நம்பத் தகுந்தது.