வணிகச் சின்னத்திற் கோரம்

வணிகச் சின்னங்களைக் கலைப்பொருளாகக் கொண்டு ஆராயும் வழக்கம் தமிழில் மிகக் குறைவு. கவிதையையும் சிறுகதையையும் வரிவரியாகப் பிரித்து நோக்கும் நம் விமர்சகர்கள், மக்கள் நாள்தோறும் காணும் ஒரு சின்னத்தை, அது கடைச்சரக்கின் முகம் என்ற காரணத்தாற் கண்டும் காணாமற் போய்விடுகின்றனர். நோர்வூட் கடைத்தெருவில் நிற்கும் முச்சக்கர வண்டிகளின் பின்புறத்தையும் நம் மாணவர் அணியும் சட்டைகளின் முன்புறத்தையும் ஒருமுறை ஊன்றிப் பார்ப்போமாயின், அங்கே ஒரு தனிச் சித்திர மரபே தோன்றியிருப்பது புலனாகும். கருநிலத்தில் மண்டையோடு, குருதி சொட்டும் எழுத்து, பல்லைக் காட்டும் ஓநாய், துணியைக் கிழித்தாற்போன்ற நகக்கீறல் - இவற்றைக் கோரச் சின்னங்கள் என்று அழைக்கலாம். இவை யாரை அச்சுறுத்துகின்றன? யார் பொருட்டு அச்சுறுத்துகின்றன?

2002 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மான்ஸ்டர் என்னும் ஊக்கபானத்தின் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். கரிய தகரக் குவளை. அதன்மேற் பச்சை நிறத்தில் மூன்று நகக்கீறல்கள். மூன்றும் சேர்ந்து ஆங்கில 'எம்' எழுத்தாகின்றன. தொழிற்றிறன் என்ற அளவில் இதைக் குறைகூற முடியாது. வரைந்தவர் விலங்கை வரையவில்லை. அது வந்துபோன சுவட்டை மட்டுமே வரைந்திருக்கிறார். உருவத்தைக் கண்டால் அச்சம் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும்; சுவட்டைக் கண்டவன் தன் மனத்துக்குள் தானே ஒரு விலங்கைப் படைத்துக்கொள்வான். கீழ்நோக்கி ஒடுங்கும் கூர்முனையும் இருளுக்குள்ளிருந்து கசியும் நச்சுப்பச்சையும் அந்த வேலைக்குத் துணைநிற்கின்றன. இவ்வளவு பயங்கரத்துக்கும் பின்னால் அக்குவளைக்குள் இருப்பதோ பெரும்பாலும் சீனியும் கஃபீனும் கலந்த நீர். அந்தக் கஃபீன் நம் கொழுந்துக் கூடைக்குள்ளும் இருக்கிறது. கூடையை எவரும் பேய்வடிவில் வரைந்ததில்லை.

ஊக்கபானங்களின் வரலாற்றிலேயே இந்தக் கோரத்தின் வர்க்கக் குணம் தெளிவாகத் தெரிகிறது. 1970களில் தாய்லாந்தில் சாலியோ யூவித்யா உருவாக்கிய கிராதிங் டேங் என்னும் பானத்தை வாங்கிக் குடித்தவர்கள் லொறிச் சாரதிகளும் கூலித் தொழிலாளருமே. இரவெல்லாம் விழித்து உழைக்கவேண்டிய உடல்களுக்கு அது விற்கப்பட்டது. மோதிக்கொள்ளும் இரண்டு சிவந்த காட்டெருதுகள் அதன் சின்னம். 1987 இல் ஆஸ்திரியாவில் அதே எருதுகள் ரெட் புல் என்னும் பெயரிற் புதுவேடம் பூண்டன. தொழிலாளியின் களைப்பைக் குறித்த விலங்கு, செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பனிச்சறுக்கு விளையாட்டையும் மோட்டார்ப் பந்தயத்தையும் குறிக்கலாயிற்று. கோடுகள் பெரிதும் மாறவில்லை. அவை யாருடைய உடலைப் பற்றிப் பேசின என்பதே மாறிவிட்டது.

இந்தப் போக்கின் உச்சியை 2019 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் லிக்விட் டெத் என்னும் சரக்கிற் காணலாம். பெயரின் பொருள் திரவ மரணம். குவளையில் உருகும் மண்டையோடு. உள்ளே இருப்பது வெறுந்தண்ணீர். இது நகைச்சுவை என்பார்கள், நகைச்சுவைதான், மறுக்கவில்லை. ஆயினும் குழாயில் நல்ல தண்ணீர் வராத லயத்தில் வாழ்பவனுக்கு அந்த நகைச்சுவை எளிதில் விளங்காது.

நமது தோட்டங்களிலும் மண்டையோட்டுச் சின்னம் உண்டு. தேயிலை மலையில் களைகளை அழிக்கத் தெளிக்கும் நஞ்சுகளின் கொள்கலன்களில், குறுக்கிட்ட இரண்டு எலும்புகளோடு அதைக் கண்டிருக்கிறோம். பரக்குவாட் என்னும் கொடிய களைகொல்லி 2008 தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011 அளவில் இலங்கையில் நிறுத்தப்படும்வரை நம்மவர் பலர் அதை முதுகிற் சுமந்து தெளித்தனர். அவர்கள் அதை நஞ்சு என்று சொல்லவில்லை. 'மருந்து' என்றே சொன்னார்கள். இன்றும் 'மருந்தடிக்கப் போகிறேன்' என்பதே வழக்கு. மொழி மறைத்த உண்மையை அந்தச் சிறிய கறுப்புப் படம் ஒன்றே சொல்லிக்கொண்டிருந்தது. கலைநயம் சிறிதும் இல்லாத படம். எவரும் அதைச் சட்டையில் அச்சடித்துக்கொள்ள விரும்பார். ஆயினும் என் மதிப்பீட்டில், உலகச் சந்தையின் அத்தனை மண்டையோடுகளிலும் நேர்மையான மண்டையோடு அதுவே. அதன் குறையெல்லாம் அது மிகச் சிறியதாக இருந்ததுதான்.

சின்னத்தின் பரப்பளவு அற்ப விடயமன்று. புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் செய்வதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தபின், பெட்டியின் முகமும் போத்தலின் முகமுமே எஞ்சிய விளம்பரப் பலகைகளாயின. சிகரெட் பெட்டியில் நோயின் படத்துக்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றி நீதிமன்றம்வரை வழக்காடினார்கள். முடிவில் 2015 இல் நாடாளுமன்றம் 80 சதவீதம் என்று சட்டமியற்றியது. அழுகிய நுரையீரலுக்கு இடம் தர மறுத்து வழக்காடிய அதே வணிக உலகம், பயங்கரத்தை விற்கலாம் என்று கண்ட இடத்திற் குவளை முழுவதையும் மண்டையோட்டுக்குத் தாரை வார்க்கிறது!

கோர உருவத்தையே வெறுப்பவன் என்று என்னை எண்ணிவிடவேண்டாம். மலையகத்துக்குத் தனியான ஒரு கோரக்கலை உண்டு. தோட்டத்து எல்லையில், மரத்தடியில், பிதுங்கிய விழியும் முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாக நிற்கும் முனியாண்டியையும் மாடசாமியையும் பாருங்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் நெஞ்சிற் சுமந்துவந்த உருவங்கள் இவை. வந்த இடத்திற் புதியனவும் பிறந்தன. தொழிற்சாலையில் சுழலும் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று ஒரு தெய்வம். கவ்வாத்து வெட்டும் கத்திக்குக் கவ்வாத்துச்சாமி என்று ஒரு தெய்வம். இயந்திரம் கையைப் பறித்துவிடக்கூடும் என்பதை நன்கறிந்த தொழிலாளி, அந்த அச்சத்துக்கே ஒரு பெயரிட்டு, அதனோடு பேசத் தொடங்கினான். முனியின் விழி வெளியே நோக்குகிறது. அவனை வணங்குபவன் அவனுக்குப் பின்னால், காவலுக்குள் இருக்கிறான். அந்தக் கோரம் இல்லாதவன் பக்கம் நிற்கும் கோரம். கடைத்தட்டில் இருக்கும் நகக்கீறலோ வாங்குபவனையே நோக்குகிறது. 'என்னை வாங்கு, நீயும் அஞ்சப்படுவாய்' என்கிறது. அஞ்சப்படவேண்டும் என்ற ஆசை யாருக்கு வரும்? வாழ்வில் ஒருவராலும் மதிக்கப்படாதவனுக்கே வரும். 1000 ரூபாய் நாட்கூலிக்கு 2021 வரை போராடவேண்டியிருந்த குடும்பத்திலிருந்து வரும் இளைஞன் அந்தக் குவளையையும் அந்தச் சட்டையையும் நாடுவதில் வியப்பில்லை. அவனை நகைப்பது நம் பணியன்று.

உண்மையான அதிகாரத்துக்குக் கோரைப்பல் வேண்டியதில்லை. சோழர் புலியைப் பொறித்தனர். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையிற் புலியோடு பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் அடங்கி நிற்கின்றன. ஆனால் அந்தக் கயலைத் தன் சின்னமாகக் கொண்ட பாண்டியர் குலம் புலிக்கு இளைத்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் படை அநுராதபுரத்தைச் சூறையாடியது. அவன் குலச் சின்னத்தில் இருந்ததோ நகமும் பல்லும் இல்லாத மீன்! தோட்ட வரலாறும் இதையே சொல்கிறது. கங்காணியின் பிரம்பையும் துரையின் குரலையும் நம் மூத்தோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேயிலைப் பொதியின் மீதோ கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணின் படமே பல்லாண்டுகளாக இருந்துவந்தது.

இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் இவ்விரு வகையிலும் முழுமையாக அடங்குவதன்று. வாளேந்திய அச்சிங்கம், கலப்பற்ற இலங்கைத் தேயிலையை இந்நாட்டிலேயே பொதிசெய்தால் மட்டும் தரப்படும் தர முத்திரை. சித்திரம் என்ற அளவில் அது சாந்தமானது. கண்டியரசின் கொடிச் சிங்கத்தின் வழிவந்தது. அக்கொடிக்குரிய கடைசி மன்னன் 1815 இல் பிடிபட்டு வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாயக்கர் குலத்தவன் என்பதை இங்கு யாரும் அதிகம் நினைப்பதில்லை. ஆனால் 1948 இல் சிங்கக்கொடி ஏற்றப்பட்ட அதே ஆண்டில் நிறைவேறிய 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த நினைவோடு பார்ப்பவனுக்குத் தேயிலைப் பெட்டியின் வாள் வேறொன்றாகத் தெரிந்தால், பிழை பார்ப்பவன் கண்ணிலும் இல்லை, வரைந்தவன் கையிலும் இல்லை. முத்திரை இலையின் தூய்மைக்குச் சான்று சொல்கிறது. பறித்த விரலைப் பற்றிச் சொல்ல அதில் இடமில்லை.

இனி ஒரு செய்தி. கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வரைய விரும்பாத கோரச் சித்திரக்காரர் அரிது. 2020 மே மாதம் நல்லதண்ணிக்கு அருகே, லக்ஷபான தோட்டத்தில், மெய்யான கருஞ்சிறுத்தை ஒன்று வேட்டைக் கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும் அம்மாதம் 29 ஆம் நாள் இறந்துபோயிற்று. அரிய விலங்கு என்று அன்றுதான் நம்மிற் பலர் அறிந்தோம்.

மலையகத்து இளைஞர் சிலர் இன்று கணினியிற் சின்னங்கள் வரைந்து கடல்கடந்த வணிகருக்கு விற்றுப் பிழைக்கின்றனர். என்னிடம் தமிழ் பயின்ற ஒருவனும் அவர்களுள் உண்டு. 'இருண்டதாக, மிரட்டுவதாக இருக்கவேண்டும்' என்று கட்டளை வந்ததாம். மண்டையோடுகள் அலுத்துவிட்டன என்றும், தன் தோட்டத்து முனியாண்டியின் விழியை வரைந்து அனுப்பினால் என்ன என்றும் கேட்டான். சித்திரமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரியே. அந்த விழிக்கு நிகரான ஒன்று சந்தையில் இல்லை. வேண்டாம் என்றேன். கூலிக்கு மண்டையோட்டை வரைவதில் இழிவில்லை. அது எவருக்கும் உரியதன்று. முனியின் விழி அவன் பாட்டனாருக்கு வேறெவரும் காவலில்லாத காலத்திற் காவலாக நின்றது. அதை விற்றுவிட்டால், நாளை அதே விழி ஒரு குவளையிலிருந்து அவன் தம்பியை நோக்கும். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் படத்துக்கு அவர்கள் தருவதாகச் சொன்ன தொகையைச் சொன்னான். அது என் மாதச் சம்பளத்திற் பாதி.